649 ரூபா கிறிஸ்மஸ் சாலட் பாக்ஸ், மார்த்தாண்டத்துல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், பாக்ஸ முழுசா வாங்காதீங்க. அதுக்குள்ள ரெண்டே ரெண்டு சாமானுக்குத் தான் குடுத்த காசு தகும், மிச்சத்த தனித்தனியா வாங்கினா இதவிட நல்லதாவே கெடைக்கும். ஆனா சாலட் நல்லா வந்துது, அதுல பொய் சொல்லக்கூடாது, 14 பேர் சாப்பிட்டு பாத்திரத்த வழிச்சாச்சு, எங்க அத்தானே 'கொள்ளாம்'னு சொன்னாரு, அவரு வாயில இருந்து அந்த வார்த்த வருஷத்துக்கு ஒரு தடவ வந்தா பெருசு. அது எப்படி வந்துதுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்க வீட்ல கிறிஸ்மஸ்னா காலைல சர்ச் முடிஞ்சு வந்து ஆப்பமும் கோழிக்கறியும், மத்தியானம் பிரியாணி, பிரியாணிக்குத் தொட்டுக்க சள்ளாஸ். தெரியாதவங்களுக்கு, சள்ளாஸ்னா வெங்காயத்த மெலிசா அரிஞ்சு உப்பு போட்டு பிசைஞ்சு, பச்சமொளகா போட்டு, வினாகிரி ஊத்தி வைக்கிறது. வினாகிரின்னா வினிகர் தான். 1956ல எங்க விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்துட்டாலும் அடுக்களை இன்னும் திருவிதாங்கூர்ல தான் இருக்கு, அதுக்கு நான் என்ன செய்ய. எத்தன வருஷமோ இதே சள்ளாஸ் தான் போய்ட்டு இருந்துது. இந்த 2025 டிசம்பர்ல பெங்களூர்ல இருக்கிற மைனி, அதான் அண்ணி, ஒரு போட்டோ அனுப்பினாங்க, செவப்பு பீட்ரூட், ஆரஞ்சு சுளை, மாதுளை முத்து, வெள்ளைச் சீஸ் உதிர்த்துப் போட்டு, பாக்கவே ஸ்டார் தொங்கவிட்ட மாதிரி இருந்துது, கீழ வின்டர் சாலட்னு போட்டிருந்துது. 'இந்த வருஷம் இது பண்ணுவமா'ன்னு கேட்டாங்க. நான் சரின்னுட்டேன். எங்க ஊர்ல டிசம்பர்ல ஃபேன் போடாம ஒறங்க முடியாது, எங்க இருந்து வின்டர் வருது, அதெல்லாம் அப்போ யோசிக்கல.

அந்த நேரம் பாத்து மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல இந்த பாக்ஸ் போட்டிருந்தாங்க. பேரு போடல, அங்க பசங்க நல்ல பசங்க, எனக்கு இன்னும் அங்க போய் வரணும். வாட்ஸப்ல ஆர்டர் பண்ணினேன், 23 சாயங்காலம் வரும்னாங்க, 24 மத்தியானம் வந்துது. செவப்பு ரிப்பன் கட்டின அட்டைப் பெட்டி. தொறந்தா ஒரு லெட்யூஸ், பாதி ஊதா முட்டைக்கோஸ், ரெண்டு பீட்ரூட், ஒரு மாதுளை, ரெண்டு கமலா ஆரஞ்சு, ஒரு ஆப்பிள், 30 கிராம் வால்நட், 30 கிராம் காஞ்ச கிரான்பெரி, 50 கிராம் ஃபெட்டா சீஸ், ஒரு சாஷே டிரெஸ்ஸிங், அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு ரெசிபி கார்டு. 6 பேருக்குன்னு வெளிய எழுதியிருக்கு. ஆறு பேருக்குப் போதும் தான், ஆனா அந்த ஆறு பேரும் டயட்ல இருக்கணும். நான் 14 பேர்னு தெரிஞ்சதால சந்தையில இருந்து கூடவே காயும் பழமும் வாங்கி வச்சிருந்தேன், அதனால தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க முடிஞ்சுது.

கார்டு வாசிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. இந்த சாலட்ல ஏன் பீட்ரூட், முட்டைக்கோஸ், ஆப்பிள், பருப்பு இதெல்லாம் வருதுன்னா, பனி விழுற நாட்ல அந்த மாசத்துல தக்காளி வெள்ளரின்னு ஒண்ணும் தோட்டத்துல நிக்காது, அறுவடை முடிஞ்சு நெலவறையில எடுத்து வச்சது தான் அவங்களுக்குக் கதி, அதுல கொஞ்சம் நெறமும் புளிப்பும் சேர்க்க ஆரஞ்சு. நம்ம ஊர்ல அதுக்குத் தேவையே இல்ல, ஆனாலும் ஒரு பொருத்தம் இருக்கு, டிசம்பர்ல நாக்பூர் ஆரஞ்சு வரத்து இருக்கும், வண்டில குவிச்சு வச்சு கூப்பிட்டுக் குடுப்பாங்க, ஊட்டி பீட்ரூட்டும் வரும். அப்போ சீசனுக்கு சாப்பிடுற சாலட்னு சொல்றதுல தப்பில்ல.

லெட்யூஸ் வந்தப்போ செத்துக் கெடந்துது. அழுகல, வாடியிருந்துது. இதுக்கு பாக்ஸ நூறு சதவீதம் குத்தம் சொல்ல முடியாது, டூவீலர்ல வெயில்ல வந்திருக்கு. ஐஸ் வெள்ளத்துல ஒரு இருவது நிமிஷம் முக்கி வச்சேன், எல வெள்ளத்தக் குடிச்சு நிமிந்துருச்சு, இது நெஜமாவே வேலை செய்யுது, கீரைக்கும் செய்யலாம். அப்புறம் முக்கியமானது அத உணத்துறது. எலயில ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் ஒட்டாம வழுக்கி கீழ போய் நிக்கும், கடேசில சாப்பிடுறவன் தட்டுல குளம். அதுக்குன்னு சுத்துற மெஷின் எல்லாம் எங்கிட்ட இல்ல, சுத்தமான தோர்த்துல, அதான் துண்டுல, மூட்டை கட்டி அக்கா மவன்கிட்ட குடுத்து முத்தத்துல போய் சுத்துலேன்னேன், அவன் கவண் சுத்துற மாதிரி சுத்தி பாட்டி மேல பூரா தெளிச்சு விட்டான். எல நல்லா காஞ்சுது. பாட்டி இன்னும் பேசிட்டு இருக்காங்க.

இப்போ பீட்ரூட். கார்டுல ஓவன் 200 டிகிரி, 45 நிமிஷம்னு போட்டிருக்கு. எங்க ஊர்ல எத்தன வீட்ல ஓவன் இருக்கு, கேக்குக்கே பாதி பேர் பேக்கரில போய் நிக்கிறோம். வேற வழி ஏதாவது கார்டுல ஒரு வரி போட்டிருக்கலாம், போடல. அம்மா தான் சொன்னாங்க, மரச்சீனிக்கெழங்கு சுடுற மாதிரி சுட்டா என்னன்னு. பின்னால ரப்பர் விறகு அடுப்புல கோழிக்கறிக்கு மசாலா வறுத்து முடிச்சு கங்கு கெடந்துது, பீட்ரூட்ட கழுவி தோலோட ஃபாயில்ல ரெண்டு சுத்து சுத்தி கங்குக்குள்ள பொதச்சு வச்சோம். முக்கா மணிநேரம் கழிச்சு எடுத்து ஈர்க்குச்சி குத்திப் பாத்தா வெண்ணெய் மாதிரி எறங்குது. ஆறினதும் பெருவெரலால தள்ளினா தோல் அப்டியே கழண்டு வருது, கத்தியே வேண்டாம். வேகவச்ச பீட்ரூட்ல ஒரு மண்ணு வாசம் வரும்ல, அது இதுல கொறஞ்சு, இனிப்பு கூடி, ஓரத்துல லேசா பொகை வாசம். குக்கர்ல வச்சா இந்த ருசி வராது, தோலோட முழுசா வச்சா ஓரளவு ஒப்பேத்தலாம், வெட்டிட்டு வச்சா சத்தும் நெறமும் வெள்ளத்துல போயிரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த வருஷமும் இந்த சாலட் பண்ணுவேன்.

ஊதா முட்டைக்கோஸ் நல்ல சாமான், குத்தம் ஒண்ணும் இல்ல. மயிர் மாதிரி மெலிசா அரியணும், உப்பு போட்டு சள்ளாஸுக்கு வெங்காயம் பிசையுற மாதிரி அஞ்சு நிமிஷம் பிசையணும், இல்லாட்டி மாடு வைக்கோல் தின்னுற மாதிரி மெல்லணும். அதுல எலுமிச்சை பிழிஞ்சா ஊதா போய் பளிச்சுன்னு ரோஸ் கலரா மாறும். பிள்ளைங்க மேஜிக்கு மேஜிக்குன்னு சுத்தி நின்னாங்க, எல்லாத்தையும் ரோஸ் ஆக்கணும்னு ரெண்டு எலுமிச்சை வேஸ்ட் பண்ணிட்டாங்க.

மாதுளை பாக்ஸ்ல வந்தது வெளிய அழகு, உள்ள வெளுத்துப் போய், கடிச்சா வெத வெதயா இருந்துது. சந்தையில வாங்கினது தோல் கொஞ்சம் சொரசொரன்னு கோணலா இருந்துது, உள்ள ரத்தச் செவப்பு. மாதுளைல எப்பவும் இதான், உருண்டையா பளபளன்னு இருக்கிறத விட, கொஞ்சம் கட்டம் கட்டமா, கைல தூக்கினா கனமா இருக்கிறத எடுங்க. ஆப்பிள் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ஆப்பிள் மாதிரி இருந்துது.

வால்நட்டுக்கு வருவோம். எனக்கு உண்மையிலயே கடுப்பானது இங்க தான். எங்க அம்மா 22 வருஷம் அண்டி ஆபீஸ்ல பருப்பு ஒடச்சவங்க. எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு, அண்டி ஆபீஸ்னா முந்திரி ஃபேக்டரி, கருங்கல் மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல எத்தனையோ பெண்டுகள் பிள்ளைங்கள படிக்க வச்சது அந்த வேலைல தான். டபிள்யூ 320ங்கிற முந்திரி கிரேடுன்னா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு 320 பருப்பு வரைக்கும் நிக்கும்னு அம்மா கைல அள்ளிப் பாத்தே சொல்லுவாங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட வால்நட் பாக்கெட்ட பிரிச்சு நீட்டினேன். வாயில போடல, மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க, அவ்வளவு தான். 'காறிப் போச்சு பிள்ளே, இத கோழிக்குக் கூட போடாத'ன்னுட்டாங்க. நான் ஒண்ண கடிச்சுப் பாத்தேன், பழைய பெயிண்ட் வாசம், நாக்குல கசப்பு நின்னுட்டு. பெஸ்ட் பிஃபோர் தேதி தாண்டல, அத நியாயமா சொல்லணும். ஆனா வால்நட்ல எண்ணெய் அதிகம், அதுவும் சீக்கிரம் காறுற எண்ணெய், வெளிச்சமும் சூடும் பட்டா தேதிய எல்லாம் பாக்காது. கடைல அந்த பாக்கெட் எங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியும், வாசல் கண்ணாடிக்குப் பக்கத்துல, சாயங்கால வெயில் நேரா அடிக்கும். போன் பண்ணி சொன்னேன், பையன் மரியாதையா வேற பாக்கெட் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான், அதே பேட்ச், அதே வாசம். 'அக்கா எல்லாருக்கும் இதே தான் குடுத்தோம், யாரும் ஒண்ணும் சொல்லல'ன்னான். மக்களே, நீங்க எல்லாம் என்னத்த தின்னீங்க.

கடேசில வீட்ல இருந்த அண்டிப்பருப்ப இரும்புச் சட்டில எண்ணெய் இல்லாம வறுத்து, பாதி பாதியா ஒடச்சு, உப்பு கொஞ்சம் தூவி வச்சோம். வால்நட்டோட லேசான கசப்பு இந்த சாலட்டுக்கு வேணும்னு மைனி வாதாடினாங்க, அது சரி தான், ஆனா காறின கசப்பு வேற.

டிரெஸ்ஸிங் சாஷே. பின்னால பொடி எழுத்துல சேர்மானம் போட்டிருக்கும்ல, எது எடை கூடுதலோ அது முன்னால வரணும்னு விதி. இதுல மொதல்ல சோயா எண்ணெய், ரெண்டாவது தண்ணி, மூணாவது சீனி. பேர்ல இருக்கிற தேன் எங்க இருக்குன்னு தேடினா உப்புக்கும் பின்னால நிக்குது. நக்கிப் பாத்தேன், பர்கர் கடை மயோனைஸ்ல யாரோ ரோஸ் மில்க் தொட்டு வச்ச மாதிரி. எக்லெஸ் தான், முட்டை போட்டது வேணும்னு பிள்ளைங்க கேட்டதுக்கு எங்க கேட்டும் கெடைக்கல, பச்ச முட்டைல பண்ற மயோனைஸ பார்டருக்கு அந்தப் பக்கம் கேரளால 2023 ஜனவரிலயே தடை பண்ணிட்டாங்க, இந்தப் பக்கம் 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு வருஷத்துக்கு. நல்லது தான், மத்தியானம் 12 மணிக்கு கலந்து 3 மணி வரை மேசைல கெடக்கிற சாலட்ல பச்ச முட்டை எதுக்கு.

அதனால டிரெஸ்ஸிங் நானே பண்ணினேன், மொதல் தடவ கேவலமா போச்சு. பாக்ஸ் வரலியேன்னு 23 ராத்திரி சும்மா ட்ரையல் பாத்தேன், நம்ம ஊரு எண்ணெய்ல பண்ணுவோம்னு உருக்கெண்ணெய், அதான் தேங்காப்பால காய்ச்சி எடுக்கிறது, அதுல எலுமிச்சை, தேன் கலந்து முட்டைக்கோஸ்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சேன். காலைல பாத்தா எல மேல பூரா வெள்ள வெள்ளயா பொடுகு மாதிரி. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும்னு தெரியாதா எனக்கு, தெரியும், ஆனா அந்த நேரத்துல மண்டைல ஏறல. அத்தான் பாத்துட்டு 'வின்டர் வந்தாச்சு, ஸ்நோ விழுந்தாச்சு'ன்னு ரெண்டு நாள் ஓட்டினாரு. நல்லெண்ணெய் வாசம் எல்லாத்தையும் அமுக்கிரும், அதனால கடேசில சாதா சன்ஃபிளவர் எண்ணெய்.

தேன் மட்டும் விட்டுக்குடுக்கல. மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சுது, ஆனா எங்களுக்கு அது பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சு எடுக்கிற தேன். பூவுல இருந்து வருதுன்னு தான் எல்லாரும் நெனப்பாங்க, ரப்பர்ல அப்படி இல்ல, தளிர் எல வரும்போது எலக்காம்புல இனிப்பா ஒரு நீர் சுரக்கும், தேனீ அத தான் எடுக்குது. எல உதிர்ந்து தளிர் வர்ற சமயம், மாசி பங்குனின்னு வச்சுக்கோங்க, அப்போ தான் சீசன். அதனால டிசம்பர்ல நம்ம கைல இருக்கிறது போன சீசன் தேன், பாட்டில் அடில சீனி மாதிரி உறைஞ்சு கெடக்கும். உறைஞ்சா கலப்படம்னு தூக்கி எறியாதீங்க, நல்ல தேனும் உறையும். பாட்டில இளஞ்சூட்டு வெள்ளத்துல பத்து நிமிஷம் வச்சா எளகிரும், அடுப்புல நேரா வைக்காதீங்க. உறைஞ்ச தேன அப்படியே போட்டா டிரெஸ்ஸிங்ல கரையாது, ஒருத்தன் வாய்க்கு மட்டும் கட்டியா இனிப்பு போகும்.

அளவு கேப்பீங்க. எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, எலுமிச்சை ரெண்டு, தேன் ரெண்டு மேசைக்கரண்டி, கடுகு ஒரு டீஸ்பூன் எடுத்து அம்மில நுணுக்கினது, உப்பு, நல்லமிளகு கொஞ்சம் தாராளமா. கடுகு காரத்துக்கு மட்டும் இல்ல, எண்ணெயும் புளிப்பும் பிரியாம ஓரளவு பிடிச்சு வைக்கும். எல்லாத்தையும் பழைய ஜாம் பாட்டில்ல போட்டு மூடி குலுக்கணும், மூடிய எறுக்கமா மூடணும், இதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க, சுவத்துல கறை இன்னும் இருக்கு. வினாகிரி தான் வேணும்னா லேபிள்ல சிந்தெடிக்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது அசெட்டிக் ஆசிட்ல வெள்ளம் கலந்தது, சள்ளாஸுக்கு ஓகே, ஆரஞ்சோட சேந்தா தொண்டைல குத்தும்.

கலக்குற முறை இருக்கு. லெட்யூஸ், முட்டைக்கோஸ், ஆப்பிள் இத மொதல்ல பாதி டிரெஸ்ஸிங்ல பெரட்டி வட்டா பாத்திரத்துல பரப்பிடணும், ஆப்பிள அரிஞ்ச ஒடனே எலுமிச்சைல போட்டா கறுக்காது. பீட்ரூட்ட தனியா மிச்ச டிரெஸ்ஸிங்ல பெரட்டி வச்சிருந்து, சாப்பிட உக்காரும்போது மேல வைக்கணும். முன்னாலயே சேத்து கலக்கினா சீஸ்ல இருந்து ஆப்பிள் வரை எல்லாம் ஒரே செவப்பாயிரும், மைனி அனுப்பின போட்டோ கனவு தான். அப்புறம் ஆரஞ்சு சுளை தோலுரிச்சு, மாதுளை, அண்டிப்பருப்பு, கிரான்பெரி, கடேசில சீஸ் உதிர்த்து.

அந்த சீஸ் தான் பாக்ஸ்ல மொத நல்ல சாமான். உப்புத் தண்ணில ஊறினது, புளிச்ச கெட்டித் தயிர் மாதிரி ஒரு ருசி, பாட்டி மட்டும் பன்னீர் கெட்டுப் போச்சுன்னு ஒதுக்கி வச்சாங்க. பொகை வாசம் பீட்ரூட்டோட ஒரு துண்டு சீஸும் ஒரு ஆரஞ்சு சுளையும் சேத்து வாயில வச்சா, அட போங்க, பிரியாணிய மறந்துட்டேன். ரெண்டாவது கிரான்பெரி, சீனி சேத்தது தான் ஆனா புளிப்பு இருக்கு, பிள்ளைங்க அத மட்டும் பொறுக்கித் தின்னாங்க. பன்னீர் போட்டா இது வராது, போட்டுப் பாத்தேன், சவம் சப்புன்னு இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். பாக்ஸ்ல இருந்த காய் பழத்த அதே அளவுல தனியா வாங்கினா, லெட்யூஸும் சேத்து 220 ரூபா தாண்டாது. சீஸும் கிரான்பெரியும் அதே கடைல தனியா 180. மொத்தம் 400. மிச்சம் 249 ரூபா காறின வால்நட்டுக்கும், மயோனைஸ் சாஷேக்கும், செவப்பு ரிப்பனுக்கும். ரிப்பன் நல்ல ரிப்பன், அக்கா மவ தலைல இருக்கு. மார்க் கேட்டா அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் டெலிவரி பையன் வால்நட்ட திருப்பி எடுக்க மொகம் சுழிக்காம வந்தான்ல, அதுக்கு அரை மார்க் அதுல அடக்கம்.

சள்ளாஸும் பண்ணினோம், அத சொல்ல மறந்துட்டேன், அது இல்லாம பிரியாணி எறங்காதுன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. ரெண்டும் காலியாச்சு, ஆனா சள்ளாஸ் மொதல்ல காலியாச்சு. அத்தான் பாறசாலைல இருக்கிற அவங்க வீட்டுக்கு நியூ இயருக்கு இந்த சாலட்ட பண்ணிக் கொண்டு வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, வெறும் கைய வீசிட்டு வந்தா விடமாட்டாராம்.

நேத்து கடைல இருந்து மெசேஜ் வந்துது, நியூ இயர் ஸ்பெஷல் சாலட் பாக்ஸ் 699. சீஸ் ரெண்டு பாக்கெட், கிரான்பெரி ஒண்ணு மட்டும் தனியா தருவீங்களான்னு கேட்டேன், ஒடனே ஓகே அக்கான்னு வந்துது. வால்நட் புது ஸ்டாக்கான்னு கேட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு, இது வரை பதில் இல்ல.